பாலத்தடிப் பாசி

வணக்கம் ரீச்சர். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் இடதுகரை வாய்க்காலுக்கு மேலே போகும் எங்கள் வீட்டடிப் பாலத்தை உடைத்து அகலமாக்கப் போகிறார்களாம். அந்த ஆற்றுப் பாலத்தில்தான் நான் சைக்கிள் பழகினேன். அது எந்த ஆண்டில் கட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போரைத் தவிர அதற்கு வேறு வரலாறு உண்டா?
(ஒரு வாசகர், ரொறன்ரோ)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த கிழமைதான் இங்கே சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்தார்கள். பாலத்தடியில் நின்று பார்த்துவிட்டு வந்துதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

ஆண்டை விடுங்கள். 1902இல் இரணைமடுக் கட்டு வேலை தொடங்கியது, பிறகு பலமுறை அணைக்கட்டை உயர்த்தினார்கள், குடியேற்றத் திட்டங்கள் வர வர வாய்க்கால்களும் நீண்டன. உங்கள் பாலம் இதில் எங்கோ ஒரு இடத்தில் வரும்.

ஆனால் "ஆற்றுப் பாலம்" என்று எழுதிவிட்டீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆறு என்றால் கனகராயன் ஆறு. தானாக ஓடிச் சுண்டிக்குளத்தில் விழுகிற அதை மறித்துத்தான் இரணைமடு. வாய்க்கால் மனிதர் வெட்டியது. ஆற்றுக்கு இரண்டு கரையும் ஒன்றுபோல. பெருவாய்க்காலுக்கு அப்படி இல்லை. நிலத்தின் சரிவைப் பார்த்து மேட்டோரமாகக் கொண்டுபோவார்கள், தண்ணீர் பள்ளத்துப் பக்கம் மட்டும் இறங்கும். வயலுக்குத் தண்ணீர் விடும் துருசுகள் எல்லாம் ஒரே கரையில் இருப்பதை இத்தனை வருடம் பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லையா? ஒரு கரையில் வயல், மறுகரையில் தண்ணீர் ஏறாத மேட்டுக்காணி. வீடு மேட்டில், நெல்லு பள்ளத்தில். களத்தில் சூடு மிதித்து எடுத்த நெல்லும் வைக்கோலும் வீடு வந்து சேர்ந்தது அந்தப் பாலத்தால்தான். ஆறு என்று சொன்ன உடனே இவ்வளவும் அழிந்துபோகிறது, தம்பி.

எங்கள் அப்பாவுக்குத் தண்ணீர் முறை இரவில்தான் வரும். அரிக்கன் லாம்போடு போவார், நானும் பின்னால் போவேன். பாலத்தின் தூணில் பச்சையாக ஒரு பாசிக்கோடு இருக்கும். மண்வெட்டிப் பிடியைத் தண்ணீருக்குள் விட்டு, கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றால், "இண்டைக்குக் கடைசிக் காணிக்கு ஏறாது" என்பார். கோட்டைத் தொட்டுவிட்டால் பாலத்துக் கட்டின் மேல் சால்வையை விரித்துப் படுத்துவிடுவார். எனக்கு அவர் வேட்டித் தலைப்புத்தான் போர்வை.

2010இல் திரும்பி வந்தபோது பாலத்துக் கட்டு ஒரு பக்கம் இல்லை, வாய்க்கால் முழுக்கப் புல். இறங்கிப் பார்த்தேன். பாசி காய்ந்து கறுத்து, அதே உயரத்தில் கோடாக நின்றது. போரைத் தவிர வரலாறு உண்டா என்று நீங்கள் கேட்டால் எனக்கு நெஞ்சு வலிக்காதா? அந்தப் பாலத்தில் உங்கள் அப்பாவும் ஒரு இரவாவது தண்ணீருக்குக் காவல் கிடந்திருப்பார். அவரிடம் கேட்டீர்களா?

உடைக்க முதல் ஊரில் யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். றோட்டில் நின்று எடுக்க வேண்டாம். தண்ணீரைப் பூட்டி வாய்க்கால் வற்றியதும் வாய்க்காலுக்குள் இறங்கி, தூணுக்குக் கிட்டப் போய் எடுக்கட்டும். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.