முடக்கிய பக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் கணினிப் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து, ஊர்க்கதைகளைக் குரலில் பதிவேற்றும் செயலி ஒன்றைத் தொடங்க ஆசை. ஆனால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவே புதிதாக எதையும் செய்ய முடியுமா? பொய்யும் வெறுப்பும் பரவுவதைப் பார்த்தால் கட்டுப்பாடு தேவை என்றும் தோன்றுகிறது. தளத்தை முடக்கினாலும், முடக்கத்தைத் தாண்ட உதவும் விபிஎன் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்தானே?

கே.

அன்புள்ள கே,

செயலியைத் தொடங்குங்கள். அந்த விதிகளில் கனமானவை 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களுக்கு. அங்கே போய்ச் சேரும்போது கவலைப்படலாம். வெறுப்பைத் தூண்டுபவன்மீது வழக்குப் போட வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் அந்தக் கடைசி வரி. படித்ததும் கோபம்தான் வந்தது.

என் நண்பர் ஒருவர் குமரிக் கடற்கரையின் மீன்பிடி முறைகளைப் பற்றித் தன் இணையதளத்தில் எழுதிவந்தார். 2016இல் இறந்துபோனார். கட்டணம் கட்ட ஆளில்லாமல் தளமும் போய்விட்டது. "அண்ணே, அவரு எழுதுனத எடுத்துத் தர முடியுமா? ஆண்டு நினைவுக்குப் புத்தகமாப் போடணும்" என்று அவர் மனைவி கேட்டார். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் ஆர்கைவ்.ஆர்க் தளத்தில் பிரதிகள் இருந்தன. இரவுகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பதினொன்று முடிந்தது. கரமடி வலையைப் பற்றிய கட்டுரையில் பாதிவரை வந்திருந்தேன். மறுநாள் காலை, தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி முடக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் மட்டும் திரையில்.

அது 2017 ஆகஸ்ட். இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க, தயாரிப்பாளர்கள் 2,600க்கு மேற்பட்ட தளங்களின் பட்டியலோடு சென்னை உயர் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் உலகத்தின் நூலகமான ஆர்கைவ்.ஆர்க்கும் இருந்தது! இதே நீதிமன்றம் 2012இலேயே, குறிப்பிட்ட பக்கத்தைத்தான் தடுக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று தெளிவாக்கியிருந்தது. அதற்குப் பிறகும் இப்படி. 2014 டிசம்பரில் அரசு 32 தளங்களை முடக்கியதே, அதில் கிட்ஹப்பும் உண்டு. பயங்கரவாதப் பிரச்சாரம் என்று காரணம் சொன்னார்கள். நீங்கள் தினமும் நிரலைப் போட்டுவைக்கிற இடம் அது.

ஒரு வீட்டில் திருட்டுப்பொருள் இருந்தால் அந்த வீட்டைச் சோதனை போடுங்கள், தெருவையே அடைக்காதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான், பத்து வருடமாகச் சொல்கிறேன். அடைத்தால் காரணத்தையாவது சொல்லுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் அரசு முடக்கும்போது, புகாரும் நடவடிக்கையும் ரகசியம் என்று 2009 விதிகள் சொல்கின்றன. காரணமே தெரியாதவன் எதை வைத்து வழக்காடுவான்?

நீங்கள் விபிஎன் போட்டுக்கொள்வீர்கள், சரி. அந்த அம்மா என்ன போடுவார்? உங்கள் செயலியில் கதை சொல்லப்போகும் பாட்டி என்ன போடுவார்? உங்களால் தாண்ட முடிகிறது என்பதற்காக, நடுத்தெருவில் சுவர் வைத்தவனைச் சும்மா விடுவீர்களா? படித்த பிள்ளை இப்படி எழுதலாமா?

சில நாட்களில் திறந்துவிட்டார்கள். அதற்குள் புத்தகம் அச்சுக்குப் போயிருந்தது. பதினொரு கட்டுரைகள், அட்டையில் அவர் படம். கரமடிக் கட்டுரை அதில் இல்லை. பிறகு அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

செயலி தயாரானதும் சொல்லுங்கள். பதிவுகளின் பிரதியை வேறொரு இடத்திலும் வையுங்கள்.

அன்புடன்