சிட்னியில் 'வெர்னன்' கப்பலுக்கு அனுப்பப்பட்ட மூதாதையரைப் பற்றித் தேடுவது எப்படி?

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆஸ்திரேலியர். அவருடைய கொள்ளுத்தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது சிட்னியில் 'வெர்னன்' என்ற பயிற்சிக் கப்பலில் இருந்தாராம். ஆவணம் ஏதாவது கிடைக்குமா? தேடப்போய் வீட்டில் சங்கடமாகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

கிடைக்கும். சங்கடமும் வரும். எனக்கு இரண்டும் ஆயிற்று.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வரலாறு படித்தவள் இல்லை. 31 வருஷம் நெல்லைப் பக்கம் சார்பதிவாளர் அலுவலகங்களில் குப்பை கொட்டியவள். வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே ஆராய்ச்சி. ஓய்வு பெற்றபின் மகள் பிரசவத்துக்காக சிட்னி வந்தேன், அப்படியே தங்கிவிட்டேன். அதனால் பெரிய ஆய்வாளர்கள் யாராவது இதைப் படித்தால் பின்னூட்டத்தில் வந்து பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

தங்கச்சி, நீங்கள் கேட்கிற விதத்திலேயே தெரிகிறது. உங்கள் மாமியார் வீட்டில் அவரைக் 'கப்பல்காரர்' என்று சொல்லித்தான் வைத்திருப்பார்கள். எங்கள் சம்பந்தியம்மா வீட்டு ஹாலில் பித்தளை நங்கூரம் ஒன்று மாட்டியிருக்கும். அவருடைய அப்பாவழித் தாத்தா மாலுமியாம், தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கிற கேப் ஹார்ன் முனையைச் சுற்றி வந்தவராம். கிறிஸ்துமஸ் விருந்தில் வருஷா வருஷம் இந்தக் கதை வரும். பேத்திக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னபோது, மாப்பிள்ளை என்னிடம் வந்து, "அத்தை, நீங்கள்தான் பழைய பேப்பர் படிப்பீர்களே, தாத்தா எந்தக் கப்பலில் இருந்தார் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அவருக்குத் தெரிந்தது 'வெர்னன்' என்ற பெயர் மட்டும்தான்.

வெர்னன் கடலில் ஓடிய கப்பல்தான், ஆனால் 1867-க்கு முன்னால். அந்த வருஷம் நியூ சவுத் வேல்ஸ் அரசு அதை வாங்கி, சிட்னி துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சி நிறுத்தி, தொழிற்பள்ளி என்று அறிவித்தது. 1866-இல் அப்போது அமைச்சராக இருந்த ஹென்றி பார்க்ஸ் கொண்டுவந்த சட்டம் அதற்கு ஆதாரம். 16 வயதுக்குள் இருக்கிற பிள்ளை தெருவில் சுற்றினால், பிச்சை எடுத்தால், திறந்த வெளியில் படுத்தால், திருடர்களோடு இருந்தால், போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் நிறுத்தலாம். அவர்கள் கையெழுத்துப் போட்டால் பையன் கப்பலுக்கு. பையன் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை, அம்மாவிடம் வாடகைக்குக் காசு இல்லாமல் இருந்தால் போதும். 1871-இலிருந்து அந்தக் கப்பல் காக்கட்டூ தீவுக்குப் பக்கத்தில் நின்றது. 1892-இல் அதற்குப் பதில் 'சோப்ரான்' என்ற பெரிய கப்பல் வந்தது, 1911 வரை இருந்தது. (அதுவே பிறகு 'டிங்கிரா' என்று பெயர் மாறி கடற்படைப் பயிற்சிக் கப்பல் ஆயிற்று. ஆகவே உங்கள் வீட்டில் 'டிங்கிரா' என்று யாராவது சொன்னால் அது வேறு கதை, அது கடற்படைக்குச் சேர்ந்த பையன்கள்.)

கேப் ஹார்ன் சுற்றி வந்த தாத்தா, தீவு ஓரம் கட்டிப்போட்ட கப்பலில் மூன்று வருஷம் இருந்திருக்கிறார். 1884-இல் சேரும்போது வயது பத்து. பாய்மரம் ஏறவும் துடுப்புப் போடவும் கற்றுக்கொடுத்தார்கள், தையல், செருப்பு தைப்பது, தச்சு வேலையும் உண்டு. ஆனால் அங்கிருந்து கடலுக்குப் போனவர்கள் கொஞ்சம்தான். பெரும்பாலும் தூரத்து விவசாயிகளிடம் வேலைக்கு எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெற்றோர் இருக்கிற ஊரிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. எங்கள் ஆள் மலைக்கு அந்தப் பக்கம் பாத்தர்ஸ்ட் பண்ணை ஒன்றுக்குப் போயிருக்கிறார். ஆயுசு முழுக்க ஆடும் கோதுமையும்தான்.

எப்படித் தேடினேன் என்று கேட்டீர்களானால்: வெர்னன், சோப்ரான் இரண்டுக்குமான சேர்க்கைப் பதிவேடுகள் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கிங்ஸ்வுட்டில் வாசிப்பறை, பென்ரித்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால். போகுமுன் அவர்கள் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள், பையன் சொன்னது போலீஸ்காரர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுதியிருப்பார்கள். நம் ஊர்ப் பத்திரத்தில் சுப்பையா, சுப்பய்யா, சுப்பிரமணியன் மூன்றும் ஒரே ஆளாக இருப்பதில்லையா, அந்த மாதிரி. இன்னொன்று, 1881 மக்கள்தொகைக் கணக்கைத் தேடி அலையாதீர்கள். 1882 செப்டம்பரில் சிட்னியில் கண்காட்சிக்காகக் கட்டிய கார்டன் பேலஸ் கட்டடம் தீப்பிடித்தபோது அதுவும் சேர்ந்து எரிந்துபோயிற்று. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துக் கப்பல்கள் என்றால் கணக்கெடுப்பிலேயே பையன்கள் பெயர் கிடைக்கும் என்பார்கள், டண்டியில் 'மார்ஸ்', வேல்ஸில் 'க்ளியோ' இப்படி. சிட்னிக்கு அந்த வழி இல்லை.

பதிவேட்டில் எங்கள் ஆளுக்கு இருந்தது ஒரு பக்கம் கூட இல்லை. பெயர், வயது, மதம், எங்கே பிறந்தான், எந்தக் கோர்ட், எழுதப் படிக்கத் தெரியுமா, பெற்றோர் நிலை. அப்பா 'உள்நாட்டுக்குப் போய்விட்டார்'. அம்மா பற்றி இரண்டே வார்த்தை, இரண்டும் நல்லதில்லை, இங்கே எழுத மாட்டேன். அந்த இரண்டு வார்த்தையை மகளிடம் படித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் 31 வருஷம் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். குமாஸ்தா கட்டத்தை நிரப்புவதற்காக எழுதுவான். யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று கட்டத்தில் இடமே இருக்காது. அதனால் அம்மாவைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அப்படியே வீட்டில் போய் ஒப்பிக்காதீர்கள்.

சரி, இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

'ட்ரோவ்' என்று ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் தளம் இருக்கிறது, பழைய செய்தித்தாள் எல்லாம் இலவசமாகப் படிக்கலாம். அதில் பையன் கோர்ட்டுக்குப் போன நாளைத் தேடினேன். மூன்று வரிச் செய்தி. அதில் அவன் பெயருக்கு முன்னால் அதே குடும்பப் பெயரில் ஒரு பெண்பிள்ளை, வயது 13. மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "அது சாதாரணப் பெயர் அத்தை, ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கும்" என்றார். நான் விடவில்லை. எங்கள் ஆபீசில் ஒரே தேதியில் அடுத்தடுத்த எண்ணில் ஒரே இனிஷியலில் இரண்டு பத்திரம் பதிவாகியிருந்தால் பங்காளிகள் என்று அர்த்தம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பெண்பிள்ளையை எங்கே அனுப்பினார்கள் என்று செய்தியிலேயே இருந்தது: பிலோயலா.

பிலோயலா என்றால் காக்கட்டூ தீவுதான். அங்கே கைதிகள் கட்டிய பழைய சிறை இருக்கிறது. சிறையைக் காலி செய்துவிட்டு, 1871-இல் பெண்பிள்ளைகள் தொழிற்பள்ளியை அதில் வைத்தார்கள். சிறை என்ற பெயர் பிள்ளைகள் மேல் ஒட்டக்கூடாது என்று தீவுக்கே பிலோயலா என்று பெயர் மாற்றினார்கள். பழங்குடி மொழியில் அதற்கும் காக்கட்டூ, அதாவது கொண்டைக்கிளி என்றுதான் அர்த்தம். பெயர்ப் பலகை மாறியது, கம்பிச் சன்னல் மாறவில்லை. அந்த இடம் பிள்ளைகளுக்கு லாயக்கில்லை என்று 1870-களிலேயே வில்லியம் விண்டேயர் தலைமையிலான அரசு விசாரணை ஆணையம் காறித் துப்பாத குறையாக எழுதியது. அப்புறமும் 1887 வரை நடத்தினார்கள்.

ஆக அக்கா தீவில், தம்பி தீவுக்குப் பக்கத்துக் கப்பலில். கூப்பிடு தூரம். மூன்று வருஷம்.

சம்பந்தியம்மா குடும்பத்தில் அப்படி ஒரு அக்கா இருந்ததே யாருக்கும் தெரியாது. கப்பல் கதையை வீரமாக மாற்றிச் சொல்ல முடிந்தது, அக்காவை எதுவாகவும் மாற்ற முடியவில்லை போலிருக்கிறது, விட்டுவிட்டார்கள்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு சூடு என்று மகள் கேட்டாள். சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அப்படி வளர்ந்தவர்தான். 'ஹாஸ்டலில் படித்தேன்' என்றுதான் எங்களிடம் சொல்வார். அது அனாதை விடுதி என்று அவர் போனபிறகு ஒரு பழைய கடிதத்தில்தான் தெரிந்தது. அவருக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று தெரிந்துகொள்ள 2003-இல் அந்த விடுதிக்குப் போனேன். எந்த விடுதி என்று கேட்காதீர்கள். முதல் தடவை "பழைய ரிஜிஸ்டர் எல்லாம் கரையான் அரிச்சாச்சும்மா" என்றார் அங்கிருந்த எழுத்தர். இரண்டாம் தடவை "மனு எழுதிக் கொடுங்க, பார்ப்போம்" என்றார். கரையான் அரித்ததற்கு மனு எதற்கு? மூன்றாம் தடவை போனபோது அவர் மேசை மேலேயே காலிகோ அட்டை போட்ட பழைய ரிஜிஸ்டர் நாலு இருக்கிறது, அதன் மேல் டிபன் பாக்ஸை வைத்திருக்கிறார். கேட்டால், அது வேறு வருஷமாம். நானும் எத்தனையோ பேரை 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பியவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது அவர்கள் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இப்போதுகூட யாராவது 'வெள்ளைக்காரன் எல்லாத்தையும் எழுதி வைப்பான்' என்று புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் ஆட்களும் எழுதித்தான் வைத்தார்கள், அதன் மேல் டிபன் பாக்ஸை வைத்தால் என்ன செய்வது?

எங்கெங்கோ போய்விட்டேன். சங்கடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, நல்ல கதை என்று நண்பர்களிடம் சொல்கிறார். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில்தான் சித்தப்பா மகன் ஒருவர், 'அப்போ சம்பந்தி வீடு கைதிப் பரம்பரையா' என்று சிரிக்கும் பொம்மை போட்டார். நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவதை நிறுத்த உத்தரவு வந்தது 1840-இல், இது 1884, பையன் கைதியும் இல்லை, வீடில்லாத பிள்ளை என்று நீளமாக எழுதினேன். அதற்கும் ஒரு பொம்மை போட்டார்.

சம்பந்தியம்மாவிடம் சொன்ன அன்று அவர் டீயை முடிக்காமல் எழுந்து போனார். இரண்டு வாரம் போன் இல்லை. மகள் என்னைத்தான் கோபித்தாள், பேத்தியின் ஹோம்வொர்க்குக்கு இவ்வளவு தோண்ட வேண்டுமா என்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாவே கூப்பிட்டார். தாத்தா பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் பெண் பெயரைத் திரும்பச் சொல்லு" என்றார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

போன மாதம் இரண்டு பேரும் ஃபெர்ரி பிடித்துக் காக்கட்டூ தீவுக்குப் போனோம். மேலே சிறைக் கட்டடம், மணற்கல், கூரை போய்விட்ட அறைகளும் உண்டு. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி, இருந்தும் தண்ணீர்ப் பக்கம் இருக்கிற ஒவ்வொரு சன்னலிலும் போய் நின்று பார்த்தார். கப்பல் எந்தப் பக்கம் நின்றது என்று என்னிடம் கேட்டார். கையிலிருந்த பழைய படத்தை வைத்து உத்தேசமாகக் காட்டினேன். ஒரு சன்னலில் மட்டும் தண்ணீர் தெரிந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்டிருக்குமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் காற்று வேறு.

1887-இல் பிலோயலாவை மூடிவிட்டுப் பெண்பிள்ளைகளைப் பாரமட்டாவுக்கு மாற்றினார்கள், முன்பு கத்தோலிக்க அனாதைப் பள்ளியாக இருந்த கட்டடத்துக்கு. ஃப்ளீட் தெருவில் அந்த மதில் இன்னும் நிற்கிறது. பேத்தி கைக்குழந்தையாக இருந்தபோது தள்ளுவண்டியில் வைத்து அந்த மதிலோரமாகத்தான் தினமும் நடைக்குப் போவேன், நிழலாக இருக்கும் என்று. அக்காவும் அங்கே வந்தாளா, அதற்குள் எங்காவது வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். அடுத்த புதன்கிழமை சம்பந்தியம்மாவோடு கிங்ஸ்வுட் போகிறேன்.

ஆகவே தங்கச்சி, உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் கிடைத்ததும் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள், அதே தேதியில் அதே குடும்பப் பெயர் வேறு எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள், பிலோயலா, பாரமட்டா இரண்டையும் சேர்த்து. பென்சில் கொண்டுபோங்கள், வாசிப்பறையில் பேனா விட மாட்டார்கள். ஒரு ஸ்வெட்டரும்.