சாருக்கு எழுதாமல் விட்ட பதில்

கேள்வி: நான் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் வரலாறு படித்தவள். எங்கள் பேராசிரியர் போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மூன்று வருடம் பாடம் எடுத்தவர், அதற்குப் பிறகு இருபது வருடம் என்னை விசாரித்துக்கொண்டே இருந்தார். கடைசியாக அவர் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, ‘அப்புறம் நிதானமாக எழுதலாம்’ என்று பதில் போடாமலே விட்டுவிட்டேன். இப்போது நினைவு ஆராதனையில் பழைய மாணவர்கள் சார்பில் என்னைப் பேசச் சொல்கிறார்கள். நான் சபைக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. அவரிடம் கற்ற விசுவாசமும் முன்போல இல்லை. எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதலாம் ஆண்டில் நீங்கள் எழுதிய கட்டுரையின் ஒரு பக்கம். ஓரத்தில் சாய்வான பென்சில் எழுத்து: “இது உன் கருத்தா, எனக்குப் பிடிக்கும் என்று எழுதியதா? எதுவானாலும் நாளை வந்து பேசு.” சிவப்பு மையைத் தொடவே மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவரின் தாளில் அழிக்க முடியாத எதையும் எழுதக்கூடாது என்று நினைத்தவர் போலிருக்கிறது. அந்த ஒரு வரியைப் படித்ததுமே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

போய்ப் பேசுங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எப்படிப் பேசுவது என்பதற்கு இரண்டாம் நூற்றாண்டு மாணவர் ஒருவர் வழிகாட்டுகிறார். இன்றைய துருக்கியில் இருக்கும் சிமிர்னா நகரின் ஆயர் பொலிகார்ப்பிடம் சிறுவயதில் கற்ற ஐரேனியஸ், பின்னாளில் பிரான்சின் லியோன் நகருக்கு ஆயரானார். தன் ஆசிரியரைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. பொலிகார்ப் உட்கார்ந்து பேசிய இடம், அவர் உள்ளே வந்த விதம், வெளியே போன விதம், அவருடைய தோற்றம், ஆண்டவரை நேரில் கண்டவர்களைப் பற்றி அவர் சொன்ன செய்திகள் எல்லாவற்றையும் நினைவுகூர்கிறார். தாளில் எழுதி வைக்கவில்லை, இருதயத்தில் எழுதி வைத்தேன் என்கிறார். பொலிகார்ப் தீயில் நிறுத்தப்பட்ட இரத்தசாட்சி. அப்படிப்பட்டவரைப் பற்றிச் சொல்லும்போதும் மாணவருக்கு முதலில் நினைவு வருவது அவர் உட்கார்ந்திருந்த இடம்!

நீங்களும் அப்படியே சொல்லுங்கள். ‘சிறந்த கல்வியாளர், பண்பாளர்’ என்பதை மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். வகுப்பு தொடங்கும்முன் அன்று வராத மாணவரின் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபம் செய்வார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வேறு யார் சொல்லப் போகிறார்கள்? ஒருநாள் நீங்கள் தாமதமாக வந்து, கதவுக்கு வெளியே நின்றபடி உங்கள் பெயரையே கேட்டீர்களாம். அந்த இடத்தை மட்டும் அவசரப்படாமல் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். எழுதி வைத்துப் படியுங்கள், நடுவில் தொண்டை அடைத்தால் தாள் கைகொடுக்கும். பென்சில் எழுத்தையும் படித்துக் காட்டுங்கள். வேதாகமத்தில், ஏழைகளுக்கு உதவி வந்த தொற்காள் யோப்பா ஊரில் இறந்தபோது விதவைகள் அழுதபடி அவள் தைத்த துணிகளைத்தான் பேதுருவிடம் காட்டினார்கள்.

அங்கே யாராவது ‘விசுவாசிகள் அழக்கூடாது’ என்பார்கள். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார், துக்கமே கூடாது என்று எழுதவில்லை.

சரி, உங்களை உண்மையில் அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். விசுவாசம் குறைந்த நான் அவரைப் பற்றிப் பேசலாமா என்கிறீர்கள். தீர்க்கதரிசி எலியா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபோது அவருடைய சீடன் எலிசா “என் தகப்பனே, என் தகப்பனே” என்று கதறித் தன் வஸ்திரத்தை இரண்டாகக் கிழித்தான். பிறகு எலியாவிடமிருந்து கீழே விழுந்த சால்வையை எடுத்துக்கொண்டு யோர்தான் கரைக்கு வந்து அவன் சொன்னதைப் பாருங்கள்: “எலியாவின் தேவனாகிய கர்த்தர் எங்கே?” ஆசிரியரை இழந்து தனியே நிற்கிறவன் வாயில் கேள்விதான் வந்தது. அந்தக் கேள்வியோடுதான் சால்வையால் தண்ணீரை அடித்தான், ஆறும் வழிவிட்டது. உங்கள் கேள்வியோடு நீங்களும் போகலாம். இல்லாத உறுதியை மேடையில் காட்ட வேண்டாம், சாருக்கு அது பிடிக்காது. அதைத்தான் அவர் பென்சிலில் எழுதிக் கொடுத்திருக்கிறாரே.

அந்த மின்னஞ்சல். ஆறுதலாக ஏதாவது சொல்லி இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நானும் என் ஆசிரியர் ஒருவருக்கு இப்படித்தான் கடன்பட்டேன். மூன்று வருடம் கழித்து வெட்கத்தோடு அவர் மகளுக்கு எழுதினேன். “அப்பா பதிலை எதிர்பார்த்து எழுதியதில்லை. நீங்கள் எல்லாம் நன்றாக இருக்கிறீர்களா என்று தெரிந்தால் போதும் அவருக்கு” என்று பதில் வந்தது. அதைப் படித்து அழுதேன். பாரம் முழுவதும் இறங்கிவிடவில்லை, ஆனால் தூக்கிக்கொண்டு நடக்கிற அளவுக்குக் குறைந்தது.

அவர் கேட்டதற்கெல்லாம் இப்போது உட்கார்ந்து பதில் எழுதுங்கள். வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி, இப்போது என்ன படிக்கிறாய் என்று மூன்றே கேள்விதானே கேட்டிருக்கிறார்? எழுதி, அவருடைய மனைவியிடம் கொடுங்கள். ஆராதனை அன்று கூட்டத்துக்கு நடுவில் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து, வந்தவர்கள் எல்லாம் போய் வீடு அமைதியான பிறகு, போன் செய்து கேட்டுவிட்டு நேரில் போங்கள். கட்டுரையின் அசலையும் எடுத்துப் போங்கள். அந்தப் பென்சில் எழுத்தை அம்மா இதுவரை பார்த்திருக்க மாட்டார்.