கட்சி ஒரு பக்கம், தொகுதி ஒரு பக்கம்: எம்.எல்.ஏ.க்கள் பற்றிய கேள்வி பதில்

கட்சி சொல்வதை மீறி ஒரு சட்டமன்ற உறுப்பினர் எதுவரை போகலாம் என்று கொங்குப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே. எந்தக் கட்சி நல்ல கட்சி என்ற கேள்விகளை எடுக்கவில்லை. சட்டமன்ற நடைமுறையும் கட்சித் தாவல் தடைச் சட்டமும்தான் இங்கே பேச்சு.

அன்னூர்: வணக்கமுங்க அண்ணா. நிலம் எடுக்கிற திட்டம் ஒண்ணை எங்க எம்.எல்.ஏ. எதிர்க்கிறார், அவர் கட்சி ஆதரிக்குதுன்னு வெச்சுக்கங்க. வாயைத் திறந்தாலே பதவி போயிருமுங்களா?

போகாது. இந்தப் பயத்தை முதலில் களைய வேண்டும். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்பது அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை; 1985-ல் 52-வது திருத்தத்தின் வழியாக வந்தது. அதன்படி, கட்சிச் சின்னத்தில் வென்றவரின் பதவி போவதற்கு இரண்டே வழிகள். ஒன்று, கட்சி உறுப்பினர் தகுதியைத் தானாக முன்வந்து விட்டுக்கொடுப்பது. இரண்டு, கட்சியின் உத்தரவை (கொறடா உத்தரவு) மீறி அவையில் வாக்களிப்பது, அல்லது வாக்களிக்காமல் இருப்பது. ஒரு திட்டத்தைக் குறை சொல்லிப் பேசுவது இரண்டிலும் சேராது. அவைக்குள் பேசும் பேச்சுக்கு 194-வது பிரிவின் பாதுகாப்பும் உண்டு.

உங்கள் எம்.எல்.ஏ. செய்யக்கூடியவை நிறைய. கேள்வி நேரத்துக்குக் கேள்வி கொடுக்கலாம், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம். உங்கள் ஊர்க்காரர்களின் மனுவைப் பேரவையின் மனுக்கள் குழுவுக்குக் கொண்டுபோகலாம். பலரும் மறந்துவிடுவது அரசு உறுதிமொழிக் குழு. ‘விளைநிலம் எடுக்கப்படாது’ என்று அமைச்சர் அவையில் ஒரு வரி சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அது நிறைவேறியதா என்று அந்தக் குழு துறையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஒரு வரியை அமைச்சர் வாயிலிருந்து வாங்குவது ஆளுங்கட்சி உறுப்பினருக்கு எதிர்க்கட்சிக்காரரைவிட எளிது.

அப்படியானால் ஏன் யாரும் பேசுவதில்லை? காரணம் பி படிவம். கட்சியின் சின்னம் இன்னாருக்கு என்று தேர்தல் அதிகாரிக்குச் சொல்லும் தாள் அது. மனுத்தாக்கல் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள், ஏ படிவத்தில் (யார் கையெழுத்திடலாம் என்று கட்சி அறிவிக்கும் தாள்) அதிகாரம் பெற்றவர் மையால் இட்ட கையெழுத்தோடு போய்ச் சேர வேண்டும்; நகல் செல்லாது. எம்.எல்.ஏ.யின் வாயை அடைப்பது அந்தத் தாள்தான். பேசினால் இருக்கிற பதவி போகாது, அடுத்த சீட்டு போகும். இதைச் சட்டத்தின் மேல் பழி போட்டு மறைக்கிறார்கள். தொகுதி மக்கள் அந்தச் சாக்கை ஏற்கக் கூடாது.

கோபி: கட்சியே ஆளை நீக்கிட்டா அப்புறம் சுதந்திரப் பறவைதானுங்களே? எந்தக் கட்சிக்கு வேணா போலாமே?

இல்லை. ஜி. விஸ்வநாதன் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. நீக்கப்பட்டவரும் அவைக் கணக்கில் அவரை நிறுத்திய கட்சிக்காரரே. வேறு கட்சியில் சேர்ந்தால், பழைய கட்சியைத் தானாக விட்டதாகப் பொருள்.

உங்கள் ஊர் உதாரணமே இருக்கிறது. 9 முறை எம்.எல்.ஏ.வாக வென்ற செங்கோட்டையன் 2025 அக்டோபர் 31-ல் அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். நவம்பர் 26-ல் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார், மறுநாள் த.வெ.க.வில் சேர்ந்தார். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ராஜினாமா, பிறகு புதுக் கட்சி. மாற்றிச் செய்திருந்தால் தகுதி நீக்க மனு வந்திருக்கும். பேரவையின் ஆயுளில் ஓராண்டுக்கும் குறைவாகவே மிச்சம் இருந்ததால் கோபிக்கு இடைத்தேர்தலும் வரவில்லை.

1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். புதுக் கட்சி தொடங்கியும் எம்.எல்.ஏ.வாகத் தொடர்ந்தாரே என்று கேட்பீர்கள். அப்போது இந்தச் சட்டமே கிடையாது.

அவிநாசி: 2017-ல 18 பேரு கவர்னர்கிட்ட லெட்டர்தானே குடுத்தாங்க? ஓட்டே போடாமப் பதவி போச்சே, எப்படீங்க?

உங்கள் ஊரில் இருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான்; அன்று தகுதி நீக்க ஆணை பிறப்பித்த பேரவைத் தலைவர் தனபால் அவிநாசித் தொகுதியின் உறுப்பினர்.

நடந்தது இது. 2017 ஆகஸ்ட் 22-ல் 19 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொள்வதாகக் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் திரும்பிவிட்டார். மற்ற 18 பேரும் செப்டம்பர் 18-ல் பதவி இழந்தார்கள். அவர்கள் மேல் பாய்ந்தது வாக்களிப்புப் பிரிவு அல்ல, ‘தானாக விட்டுக்கொடுத்தல்’ பிரிவு. அதற்கு ராஜினாமாக் கடிதம் தேவையில்லை, நடத்தையிலிருந்தே முடிவு செய்யலாம் என்று ரவி நாயக் வழக்கில் 1994-லேயே சொல்லப்பட்டுவிட்டது.

எதிர்வாதமும் வலுவானது. கர்நாடகத்தில் எடியூரப்பா மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநருக்கு எழுதிய பா.ஜ.க. உறுப்பினர்களின் தகுதி நீக்கத்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அதனால்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூன் 14-ல் இரு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-ல் தகுதி நீக்கம் செல்லும் என்றார்.

எனவே எச்சரிக்கை: சொந்த அரசின் மேல் குறை இருந்தால் அவையில் பேசுங்கள், கட்சிக் கூட்டத்தில் பேசுங்கள், தொகுதியில் பேசுங்கள். ஆளுநர் மாளிகைக்குக் கடிதத்தோடு போகாதீர்கள்.

கரூர்: பதவி போனவங்க மறுபடி நிக்க முடியுமா?

முடியும். 18 பேரில் ஒருவரான செந்தில்பாலாஜி அரவக்குறிச்சியை இழந்து, 2019 மே இடைத்தேர்தலில் தி.மு.க. சார்பில் அதே அரவக்குறிச்சியில் வென்றார். பேரவைக் காலம் முடியும்வரை போட்டியிடக் கூடாது என்று பேரவைத் தலைவர் ஆணையிட முடியாது. வேறொரு கர்நாடக வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மீண்டும் வெல்லும்வரை அமைச்சராக முடியாது, அவ்வளவே.

பல்லடம்: 2017 நம்பிக்கை வாக்கெடுப்பு அன்னிக்கு வீட்டுக்குப் போயிடறதெல்லாம் கொள்கையாங்க? எதிர்த்து ஓட்டுப் போடணும், இல்லைன்னா ராஜினாமா பண்ணணும். நடுவுல நழுவறது கோழைத்தனம்.

காங்கேயம்: பல்லடத்து அண்ணா பேசறது நியாயமில்லீங்க. 122 பேரு ஒரு பக்கம் நிக்கிறப்ப தனியா கெளம்பி வர்றதுக்கும் தைரியம் வேணும்.

பல்லடம்: தைரியம் இருந்தா சபைக்குள்ள நின்னு கையைத் தூக்கியிருக்கோணும்.

இதில் உணர்ச்சியைவிடக் கணக்கு முக்கியம், அதைச் சொல்லிவிடுகிறேன். 2017 பிப்ரவரி 18-ல் எடப்பாடி பழனிசாமி அரசின் மேல் நடந்த அந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 122, எதிர்ப்பு 11; இரு பக்கமும் அ.தி.மு.க. உறுப்பினர்களே. பேரவைத் தலைவரோடு சேர்த்து அ.தி.மு.க.வின் பலம் 135. அப்படியானால் ஒருவர் குறைகிறார். அவர் கோவை வடக்கு உறுப்பினர் பி.ஆர்.ஜி. அருண்குமார். கட்சி எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்திருந்த கூவத்தூர் விடுதியிலிருந்து வெளியேறி, வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் இருந்தார். ரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கை ஏற்கப்படாமல், பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிய நாள் அது. யார் எங்கே நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பல்லடத்துக்காரருக்கு: எதிர்த்து வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும் சட்டத்தில் ஆபத்து ஒன்றேதான். வராமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்து யாரும் போவதில்லை. ஆகவே அதைக் கோழைத்தனம் என்று சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் உங்கள் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு: பேரவைக் குறிப்பில் காரணம் பதிவாவது, அவையில் எழுந்து பேசியவருக்கு மட்டும்தான். வராதவரின் காரணம் பத்திரிகையில் இருக்கும், அவைக்குறிப்பில் இருக்காது.

காங்கேயத்துக்காரருக்கு: பதவி போனதா இல்லையா என்பதை வைத்துத் தைரியத்தை அளக்காதீர்கள். அருண்குமார் அந்தக் காலம் முழுக்க எம்.எல்.ஏ.வாக இருந்தார், 2021-ல் கவுண்டம்பாளையத்தில் அதே கட்சி சார்பில் வென்றார். எதிர்த்து வாக்களித்த 11 பேர் மேல் மனு கொடுக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில்கூட விஷயம் பேரவைத் தலைவரின் நோட்டீஸ் அளவில்தான் நின்றது. கடிதம் கொடுத்த 18 பேருக்கோ நான்கே வாரம். எதிர்த்து வாக்களித்தவர்கள் பதவியில் இருக்க, கடிதம் கொடுத்தவர்கள் வெளியே போனார்கள். ஒரே பேரவை, ஒரே அட்டவணை. கோளாறு முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறது. இந்தச் சட்டம் செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் பார்த்த கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் 1992-லேயே மாறுபட்ட நீதிபதிகள் இருவர், பெரும்பான்மையை நம்பியிருக்கும் பேரவைத் தலைவரிடம் இந்த அதிகாரம் இருக்கக் கூடாது என்றார்கள். அது சரி என்பதே என் கருத்தும். மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நல்ல தொடக்கம், ஆனால் போதாது.

நாமக்கல்: ராஜ்யசபா தேர்தல்ல மாத்தி ஓட்டுப் போட்டாலும் இதே சட்டம்தானுங்களா?

இல்லை. அது அவை நடவடிக்கை ஆகாது. கட்சி எம்.எல்.ஏ. தன் வாக்குச்சீட்டைக் கட்சியின் முகவரிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வாக்கு செல்லாது. காட்டிவிட்டு வேறு ஆளுக்குப் போட்டிருந்தால் வாக்கு செல்லும், பதவியும் போகாது. கட்சி நடவடிக்கை எடுக்கலாம். சுயேச்சை உறுப்பினர் யாருக்கும் காட்டக் கூடாது.

மேட்டுப்பாளையம்: தகுதி நீக்கம் ஆனவங்க மறுபடி போட்டியிட முடியுங்களா?

கரூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஈரோடு: கட்சி நீக்கிட்டா வேற கட்சியில சேரலாம்தானே?

கோபிக்குச் சொல்லியாயிற்று. சேர்ந்தால் பதவி போகும். கேள்வி அனுப்பும் முன் மேலே ஒரு முறை படியுங்கள்.

பொள்ளாச்சி: ஐயா, எங்க ஊரு சி. சுப்பிரமணியம் ராஜினாமா பண்ணினது இந்தக் கணக்குல வருமா?

வராது. அவர் அப்போது மத்திய அமைச்சர். 1965 பிப்ரவரியில் மொழிப் பிரச்சினையில் அவரும் ஓ.வி. அழகேசனும் அமைச்சர் பதவியைத்தான் ராஜினாமா செய்தார்கள், பிறகு திரும்பப் பெற்றார்கள். ஆனால் சொந்த அரசை உள்ளிருந்தே அசைக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் இல்லை.

தாராபுரம்: நாங்களே எம்.எல்.ஏ.வைத் திரும்பக் கூப்பிட வழி இருக்குங்களா?

கிடையாது. அடுத்த தேர்தல்தான்.

திருச்செங்கோடு: நான் ஒரு எம்.எல்.ஏ. ஆபீசில வேலை பாக்கறேனுங்க. கொறடா உத்தரவு வந்தா நாங்க என்ன பண்ணோணும்?

உருப்படியான கேள்வி. வாங்கும் நேரத்தைத் தாளிலேயே குறித்து, உறையையும் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தீர்மானம், எந்தத் தேதி, எப்படி வாக்களிக்க வேண்டும், மீறினால் தகுதி நீக்கம் என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வாசகம் இருப்பதே முறை என்று கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கின் 1992 தீர்ப்பு சொல்கிறது. நம்பிக்கை வாக்கெடுப்பும், கட்சியின் அடிப்படைக் கொள்கை சார்ந்த தீர்மானமும் தவிர மற்றவற்றுக்கு இப்படிக் கட்டளை போடக் கூடாது என்பதும் அதிலேயே உண்டு. உத்தரவு வாய்மொழியாக வந்தால் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் எம்.எல்.ஏ. மாறுபட நினைத்தால், வாக்கெடுப்புக்கு முன்பே கட்சியிடம் அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அனுமதி கிடைக்காமல் மீறினாலும், 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் பதவிக்கு ஆபத்தில்லை. அந்த 15 நாளில் அவர் வேறு கட்சி மேடையில் ஏறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. தகுதி நீக்க மனுவின் நகல் வந்தால் பதில் தர 7 நாள்தான். கையில் கிடைத்த அன்றே வக்கீலிடம் போய்விடுங்கள்.