கேள்வி – பதில்: செஃப் ஜேக்கப்பின் நினைவாக

சென்ற இதழில் போகிற போக்கில் செஃப் ஜேக்கப்பின் பெயரைக் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த இதழின் பதில்கள் அனைத்தும் அவரைப் பற்றியவையே.

சமையல் சொல்லித்தர எத்தனையோ பேர் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். அவர்களுள் ஜேக்கப்பை மட்டும் எங்கள் வீட்டில் இன்றும் யாரும் மறக்கவில்லை. என்ன காரணம்? (தாராபுரம் வாசகி)

ஜேக்கப் சகாயகுமார் அருணி இன்றைய தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில் 1974-ஆம் ஆண்டு பிறந்தவர். சன் தொலைக்காட்சியின் 'ஆஹா என்ன ருசி' நிகழ்ச்சிதான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. 2012 நவம்பர் 4-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாரடைப்பால் சென்னையில் காலமானபோது அவருக்கு வயது 38.

நீங்கள் தாராபுரத்திலிருந்து எழுதுவதால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி உண்டு. கொங்கு நாட்டுப் பழஞ்சமையலை மீட்டெடுத்தவர் என்ற பெயர் ஜேக்கப்புக்கு உண்டல்லவா? அவரோ கொங்கு நாட்டுக்காரர் அல்லர்; முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர். ஒரு வட்டாரத்துச் சமையலின் அருமை அந்த வட்டாரத்தாருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. அரிசிம்பருப்புச் சோற்றையும் கொள்ளுப் பருப்பையும் சந்தகையையும் நாள்தோறும் உண்டு வளர்ந்தவர்கள், விருந்தாளி வந்தால் அவற்றை ஒளித்துவைத்துவிட்டுப் பிரியாணிக்கு ஆள் தேடியதை நானே பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து வந்த ஒருவர் "இது என்ன, எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டபோதுதான், இதையும் கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்று அவர்களுக்கு வியப்பு வந்தது. ஜேக்கப்பிடம் எனக்குப் பிடித்தது அந்தக் கேட்கும் குணம். தொலைக்காட்சியில் அவர் பேசும்போதுகூட, எதிரில் இருப்பவருக்கு முன்பே சமைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு பேசுவதைப் போலவே எனக்குப் படும்.

கோபிசெட்டிபாளையத்தில் என் பெரியம்மா அந்த நிகழ்ச்சியைப் பார்க்கும் விதமே தனி. முறத்தில் சின்ன வெங்காயத்தை வைத்துக்கொண்டு, உரித்த தோலை மடியில் சேர்த்தபடியே, பெட்டியைப் பார்த்துத் திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பார். "இன்னும் வதங்கோணும் தம்பி, அவசரப்படாதே" என்பார். வேறு எந்தச் சமையற்காரரையும் அவர் தம்பி என்று அழைத்துக் கேட்டதில்லை, மற்றவர்களுக்கெல்லாம் "இந்தாளு"தான். ஜேக்கப் மறைந்த செய்தி வந்த அன்று ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். "முப்பத்தெட்டு வயசுதான் ஆச்சாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, பேச்சை மாற்றி, மழையைப் பற்றிக் கேட்டார்.

ஜேக்கப் கின்னஸ் சாதனை படைத்தவராமே? (திண்டுக்கல் வாசகர்)

ஆம். இருபத்துநான்கு மணி நேரம் விடாமல் நெருப்பில் வாட்டிச் சமைத்து 485 வகைகளைச் செய்தார். கணக்குப் போட்டால் மூன்று நிமிடத்துக்கு ஒன்று. உடலுறுதிக்கும் திட்டமிடலுக்கும் அது சான்று, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த 485 வகைகளுள் ஒன்றையாவது நினைவில் வைத்துச் சொல்லும் ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை.

சத்தான உணவு, பாரம்பரிய உணவு என்றெல்லாம் ஊருக்கு எடுத்துச் சொன்னவரே நாற்பதைத் தொடாமல் போய்விட்டாரே! பிறகு அந்தச் சமையலை நம்பி என்ன பயன் என்று என் நண்பர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது? (சேலம் வாசகர்)

அவர் இறந்த வாரத்தில் இதே பேச்சைத் தேநீர்க் கடைகளில் கேட்டு எரிச்சலடைந்தவன் நான். ஒருவருடைய உடலுக்குள் என்ன நடந்தது என்பது அவருடைய குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் உரிய செய்தி. அதை நாம் ஊகித்துத் தீர்ப்பெழுதுவது முறையன்று. பொதுவாக மட்டும் ஒன்று சொல்லலாம். மேற்கு நாட்டவரைக் காட்டிலும் நம் பகுதி மக்களுக்கு மாரடைப்பு சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பரம்பரை, சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை, உறக்கக் குறைவு, மன அழுத்தம் என்று அதற்குப் பல வாயில்கள் உண்டு. தட்டில் இருப்பது அவற்றுள் ஒன்றுதான். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்; முப்பதைக் கடந்தவர் என்றால் ஒருமுறை இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவரச் சொல்லுங்கள். கொள்ளின் மீது குற்றம் சுமத்த வேண்டாம்.

இன்று எந்த ஊர் நெடுஞ்சாலையில் போனாலும் 'கொங்கு சமையல்' என்று பலகை தொங்குகிறது. ஜேக்கப் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பாரா? (கரூர் வாசகி)

இல்லாதவர் சார்பில் மகிழவோ வருந்தவோ எனக்கு உரிமையில்லை. என் கருத்தைச் சொல்கிறேன். பலகைகள் பெருகியது நல்லதுதான். உள்ளே போய் உட்கார்ந்தால் பல இடங்களில் வருவது, எங்கும் கிடைக்கும் அதே சிவப்புக் குழம்பு. அதன் மேல் நான்கு தேங்காய்ச் சில் மிதக்கும்.

கொங்கு நாட்டின் பெரும்பகுதி மழையை நம்பிய புன்செய் நிலம். கம்பு, சோளம், ராகி, நிலக்கடலை, எள், தோப்புத் தேங்காய், ஈரோட்டு மஞ்சள் என்று தன் காட்டில் விளைந்ததை வைத்துச் சமைத்த மண் அது. கடையில் காசு கொடுத்து வாங்கும் மல்லி, மிளகு, சீரகம் முதலியவற்றுக்கு அங்கே 'செலவு' என்றே பெயர். 'செலவு ரசம்' என்ற பேர் அப்படி வந்ததுதான். மசாலாவைச் செலவு என்று அழைத்த ஒரு சமையலில் அது எவ்வளவு அளந்து போடப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இறைச்சியை மசாலாவில் ஊறவைக்கும் வழக்கமும் பெரிதாக இல்லை. ஆகவே கறியின் சுவையும் மிளகாயின் காரமும் வெங்காயத்தின் இனிப்பும் தனித்தனியே நாக்குக்குத் தெரியும். இது தெரியாமல் பட்டையையும் கிராம்பையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் பலகையை மாட்டுவதில் பொருளில்லை.

என் அம்மா தொலைக்காட்சியைப் பார்த்து எழுதிவைத்த சமையல் நோட்டு என்னிடம் இருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கன் என்ற பக்கத்தில் "கோழி அரைக் கிலோ, சின்ன வெங்காயம் கால் கிலோ, மிளகாய் விதை நீக்கி" என்பதோடு எழுத்து நின்றுவிடுகிறது. அதற்குள் விளம்பரம் வந்துவிட்டதோ, அடுப்பில் பால் பொங்கியதோ! அம்மாவும் இப்போது இல்லை. மீதியைச் சொல்ல முடியுமா? (மதுரை வாசகி)

உங்கள் அம்மா எந்த நிகழ்ச்சியைப் பார்த்து எழுதினாரோ, அன்று சொல்லப்பட்டதை அப்படியே தருவது இயலாது. எங்கள் பெரியம்மா வீட்டு வழக்கத்தைத் தருகிறேன். அம்மா எழுதிய மூன்று செய்திகளும் இதனோடு பொருந்திப் போகின்றன. பள்ளிபாளையம் காவிரிக்கு அக்கரையில், ஈரோட்டுக்கு எதிரே, நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. இந்தக் கறியில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், கரம் மசாலா எதுவும் கிடையாது.

கோழியைச் சுண்டுவிரல் நுனியளவு சிறு துண்டுகளாக எலும்போடு வெட்டச் சொல்லுங்கள். பெரிய துண்டு இதற்கு ஆகாது. பத்துப் பன்னிரண்டு வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிடுங்கள். விதை இருந்தால் காரம் முந்திக்கொண்டு வரும், மணம் பின்தங்கிவிடும். கடலை எண்ணெயைக் காயவைத்து, கடுகு, கறிவேப்பிலை, மிளகாய் போட்டு, மிளகாய் கருகுவதற்கு முன்பே உரித்த சின்ன வெங்காயத்தைச் சேர்த்து நன்றாக வதக்க வேண்டும். வதங்கியது என்று நீங்கள் நினைத்த பிறகு இன்னும் ஐந்து நிமிடம் வதக்குங்கள்; பெரியம்மா பெட்டியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். பிறகு தட்டிய பூண்டு, மஞ்சள், உப்பு, கோழி. தண்ணீரை ஊற்றக் கூடாது. கையால் தெளித்துத் தெளித்து மூடிவைக்க, கோழி விடும் நீரிலேயே வெந்துவிடும். நீர் வற்றி எண்ணெய் பிரியும் நேரத்தில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் மட்டும் பிரட்டுங்கள். தேங்காய் சிவக்க விடாமல், கடித்தால் நறுக்கென்று இருக்கும் பதத்தில் இறக்கிவிட வேண்டும்.

இதை அந்த நோட்டில் எழுதுவதானால், அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள்.