குறைபார்வை உள்ளவர்களுக்கு உதவ, கண் மருத்துவப் பணியாளர்களுக்கு என்ன பயிற்சி தேவை?

கண்ணாடி, மருந்து, அறுவை சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகும் நல்ல கண்ணிலேயே பார்வை 6/18-க்குக் கீழே நின்றால், அதாவது இயல்பான பார்வை உள்ளவர் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்கூடக் காண முடியாவிட்டால், அது குறைபார்வை. "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பும் பழக்கத்தை விடுவதுதான் முதல் பயிற்சி. என்னைக் கேட்டால், கடினமானதும் அதுதான்.

அடுத்து, கேட்கப் பழக வேண்டும்: எதைப் படிக்க முடியவில்லை, எதிரில் வருபவர் முகம் தெரிகிறதா, படியிறங்கத் தடுமாறுகிறதா? படி விளிம்பில் ஒட்டிய ஒரு மஞ்சள் பட்டையே சிலருக்குப் பெரிய உதவி.

உருப்பெருக்கியைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. 20 டையாப்டர் (லென்ஸ் திறனின் அலகு) லென்ஸைக் கண்ணாடியில் பொருத்தினால் புத்தகத்தைச் சுமார் 5 சென்டிமீட்டரில் பிடிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பழக்காவிட்டால் அது பெட்டிக்குள் போய்விடும். விழித்திரையின் மையம் பழுதானவருக்குச் சற்றே ஓரப் பார்வையால் பார்க்கக் கற்றுத்தர வேண்டும்; அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.