வெளிநாட்டு மாலை வகுப்பில் தொண்டு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: விடுமுறையில் இரண்டு வாரம் வெளிநாடு போய், ஏழைப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பில் பாடம் நடத்தலாம் என்றிருக்கிறேன். இந்த அவகாசம் போதுமா?

பதில்: பாடம் நடத்தப் போதாது. பிள்ளைகளின் பெயர் மனதில் நிற்பதற்குள் முதல் வாரம் ஓடிவிடும். அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு தன் தொண்டர்களை அனுப்புவது 27 மாதங்களுக்கு. அதில் முதல் மூன்று மாதம் மொழியும் பயிற்சியும்தான். அவ்வளவு முடியாவிட்டாலும் மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். இரண்டு வாரம்தான் கிடைக்கும் என்றால் வகுப்புக்கு வெளியே உள்ள வேலையைக் கேட்டு வாங்குங்கள். புத்தகங்களை வாசிப்பு நிலைப்படி பிரித்து வண்ண ஸ்டிக்கர் ஒட்டுவது, சொல் அட்டை வெட்டுவது, வருகைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றுவது எல்லாம் நீங்கள் கிளம்பிய பிறகும் பயன்படும்.

கேள்வி: ஏற்பாடு செய்யும் நிறுவனம் பெரிய தொகை கேட்கிறது. நம்பலாமா?

பதில்: பணம் கேட்பதாலேயே மோசடி என்று சொல்லிவிட முடியாது. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் யாராவது செலவு செய்துதானே ஆகவேண்டும்? தொகையில் எவ்வளவு வகுப்பு நடக்கும் மையத்துக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே சம்பளம் வாங்கும் உள்ளூர் ஆசிரியர்கள் எத்தனை பேர், முந்தைய தொண்டர் போன பிறகு அந்த வகுப்பை யார் எடுத்தார் என்றும் கேளுங்கள். அதைவிட முக்கியம், அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பது. போலீஸ் சான்றிதழும் இரண்டு பேரின் பரிந்துரையும் கேட்காத இடத்தில், பணம் கட்டிய எவரும் பிள்ளைகள் பக்கத்தில் போய் உட்காரலாம். அங்கே போகாதீர்கள்.

மாலை வகுப்போடு அனாதை இல்லமும் சேர்த்து நடத்துகிறவர்களிடம் இன்னும் கவனம் தேவை. பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளைக்கூட வெளிநாட்டுத் தொண்டர்களின் பணத்துக்காக இல்லங்களில் சேர்ப்பது பல நாடுகளில் நடக்கிறது. 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது ஆஸ்திரேலியா இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

கேள்வி: சுற்றுலா விசாவில் போகலாமா? தடுப்பூசி ஏதும் வேண்டுமா?

பதில்: பல நாடுகளில் சம்பளமில்லாத வேலையும் வேலைதான். மையத்தின் அழைப்புக் கடிதத்தைத் தூதரகத்தில் காட்டி, எந்த விசா என்று கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். "டூரிஸ்ட் என்று சொல்லிவிடுங்கள்" என்று மையமே சொன்னால் வேறு மையம் பாருங்கள். போகும் நாடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டால், அது ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். தட்டம்மை, டெட்டனஸ் ஊசிகள் முழுமையாகப் போட்டிருக்கிறதா என்றும் டாக்டரிடம் சரிபாருங்கள்.

கேள்வி: வீட்டுப்பாடத்துக்கு உதவத்தான் வந்தேன். பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கேள்வியையே வாசிக்க வரவில்லை. என்ன செய்வது?

பதில்: மாலை வகுப்புகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். தொண்டர் விடையைச் சொல்வார், பிள்ளை எழுதிக்கொள்ளும். நோட்டில் எல்லாம் சரியாக இருப்பதால் பள்ளி ஆசிரியரும் ஏமாந்துபோவார்.

முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக, ஆனால் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைத்து, ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். நான்கு எளிய வாக்கியங்களில் ஆரம்பியுங்கள். தடங்கலில்லாமல் வாசித்தால் சிறு கதை கொடுங்கள். மூன்று தவறுக்கு மேல் போனால் தனிச் சொற்களுக்கும், அதுவும் வராவிட்டால் எழுத்துகளுக்கும் இறங்குங்கள். பிறகு வயதையும் வகுப்பையும் மறந்துவிட்டு, நிலைப்படி எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். 1995-இல் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு வளர்த்த முறை இது. ஜாம்பியாவின் அரசுப் பள்ளிகள் வரை போயிருக்கிறது. வாசிப்பு பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில்தான் நடக்க வேண்டும். அந்த மொழி உங்களுக்கு வராவிட்டால் உள்ளூர் ஆசிரியர் நடத்தட்டும். நீங்கள் பதிவேட்டையும் கணக்கு விளையாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரம் இருந்தால் முதல் இருபது நிமிடம் கை கழுவவும் சிற்றுண்டிக்கும் ஓடியாடவும் விடுங்கள். பசித்த பிள்ளையிடம் எந்தப் பாடமும் ஏறாது. அடுத்து நாற்பது நிமிடம் வாசிப்பு, அதன் பிறகே அரை மணி வீட்டுப்பாடம். வரிசையை மாற்றினால் வீட்டுப்பாடமே மொத்த நேரத்தையும் விழுங்கிவிடும். மிச்சம் விளையாட்டுக்கும், அழைத்துப்போக வருகிறவரின் கையெழுத்துக்கும்.

கணக்கில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்பார்கள். 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுங்கள். ஏழு எடுக்க முடியாமல் அவர்களாகவே ஒரு கட்டை அவிழ்ப்பார்கள்.

பெரிய பையன்களுக்குச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சமாக இருக்கும், வராமலே நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு அதே நிலையில், வயதுக்கேற்ற விஷயமுள்ள பாடமும் தனி மூலையும் கொடுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்துக் குழு மாற்றுங்கள்.

கேள்வி: வீட்டில் அடிக்கிறார்கள் என்று ஒரு சிறுமி சொன்னாள். யாரிடமும் சொல்லக்கூடாதாம்.

பதில்: அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன்" என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். உங்கள் கேள்வியே அவள் வாயில் பதிலைத் திணித்துவிடக்கூடும். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதி, மையத்தின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே கொடுங்கள். பெற்றோரிடம் நீங்களே நேராகப் போய்க் கேட்டால் அன்றிரவு அடி வாங்குவது அவள்தான்.

கேள்வி: பரிசு கொடுக்கலாமா? போட்டோ போடலாமா?

பதில்: தனியாக ஒருவருக்குக் கொடுக்காதீர்கள், மையத்துக்குக் கொடுங்கள். முகமும் சீருடையும் தெரியும் படம் வேண்டாம். பள்ளியின் பெயரை வைத்துப் பிள்ளையைத் தேடிவிடலாம்.

கேள்வி: கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: இரண்டு வாரம் முன்பே பிள்ளைகளிடம் தேதியைச் சொல்லுங்கள். நிச்சயமில்லாமல் "திரும்பி வருவேன்" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையின் நிலை, குழு நிறுத்திய பக்கம், அட்டைகள் இருக்கும் அலமாரி எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். கடைசி வாரம் முழுக்க உள்ளூர் ஆசிரியர் வகுப்பெடுக்கட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள். நோட்டில் எது விட்டுப்போயிற்று என்று அப்போது தெரிந்துவிடும்.